செருப்பில் இல்லாத கல்

சென்னியம்மாள் நாலடி நடப்பாள், நிற்பாள். பக்கத்தில் வேலிக்காலோ வேப்பமரமோ எது கைக்கு எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு வலது செருப்பைக் கழற்றுவாள். கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவாள். ஒன்றும் விழாது. மறுபடி மாட்டிக்கொண்டு நாலடி வைத்தால், முன்பாதத்தில், மூன்றாவது விரலுக்கும் நாலாவது விரலுக்கும் நடுவே அதே கல் அதே இடத்தில் இருக்கும். நிலக்கடலை அளவு. அதன்மேல் எடை விழுந்தால் விரல் நுனிவரை கரண்ட் அடித்த மாதிரி ஓடும்.

"செருப்பை மாத்துங்கக்கா," என்றாள் காட்டு வேலைக்கு வரும் மாரக்காள். மூன்று செருப்பு மாற்றியாகிவிட்டது. "அப்ப வெறுங்காலோட நடங்க." அதையும் செய்து பார்த்தாள். கல் தோலுக்குள்ளேயே இருந்தது. இல்லாத கல்லை எங்கே என்று தேடுவது? ஆறு மாதம் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு களை வெட்டினாள், எருமைக்குச் சோளத்தட்டு அறுத்தாள். காலுக்கு வலி வந்தால் வேலைக்கு லீவா விடுவார்கள்?

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. புருஷன் மயில்சாமி போய் நாலு வருஷம். புதுச்சத்திரத்துக்கு மேற்கே, பைபாஸை ஒட்டி இரண்டரை ஏக்கர் விவசாயக் காடு அவள் பேரில் இருந்தது. மயில்சாமி வாங்கும்போது அது கல்லுக்கரடு, ஆடு கூட ஒரு தடவை மேய்ந்தால் மறுதடவை வராது. அதனால்தானோ என்னமோ தாராளமாகப் பெண்டாட்டி பேரில் எழுதினார். இரண்டு பேரும் பதினைந்து வருஷம் கல் பொறுக்கி, வண்டி வண்டியாக வண்டல் அடித்து, மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு விளைகிற பூ மண்ணாக்கினார்கள். அதற்குள் ரோடு அகலமாகிவிட்டது. பாதையோரத்து மண் பவுன் ஆகிவிட்டது.

ஒரே பையன் மோகன்குமார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தான். காட்டை பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாதம் ஒரு தடவை வருவான். வந்தால் அந்தப் பேச்சு. பேச்சு முடிந்தால் கிளம்பிவிடுவான். அவளும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"நான் நடமாடற வரைக்கும் அதைக் கேக்காத சாமி. என்ற காலத்துக்குப் பொறவு நீ பிளாட்டு போடு, பங்களாவே கட்டு. நான் நடமாடற வரைக்கும் குச்சி வெப்பேன்."

கால்தான் அந்த வாக்கைக் காப்பாற்றவிடாது போலிருந்தது. ஆடி பிறந்த நாலாம் நாள், எருமைக் கட்டுத்தறியில் இருந்து வீட்டுக்கு வரமுடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மாரக்காள் போன் பண்ணி மோகன்குமாரை வரவழைத்தாள். அவன் நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தான்.

டாக்டர் அவசரக்காரர். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையனை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அவன் பேப்பரும் கையுமாக வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "இரும்மா, தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்று குடிதண்ணீர் பில்டர் பக்கம் போனான். சென்னியம்மாளுக்கும் தாகமாகத்தான் இருந்தது. நொண்டிக்கொண்டே பின்னால் போனாள். தூணுக்கு அந்தப்பக்கம் அவன் பெண்டாட்டி தனப்பிரியாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"கட்டியாம் தனா. நரம்புல கட்டியாம். அப்பாவுக்குக் கார்சினோமான்னு எழுதியிருந்தாங்கல்ல, அதே மாதிரி இதுவும் நியூரோமான்னு ஓமாவுலதான் பேப்பர்ல முடியுது. அம்மாகிட்ட மூச்சு உட்றாத."

நம் பக்கத்தில் புட்டத்தில் வருவதும் கட்டிதான், கண் இமையில் வருவதும் கட்டிதான். ஆனால் தூணுக்குப் பின்னால் நின்று தணிந்த குரலில் சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சென்னியம்மாள் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டர் என்ன சாமி சொன்னாரு?"

"ஒண்ணுமில்லம்மா. நரம்புல கொஞ்சம் வீக்கம். ராசிபுரத்துல ஒரு பிசியோ டாக்டரம்மா இருக்குதாம். கையால அழுத்தி உட்டாச் சரியாப்போயிரும்ங்கறாரு. நீ ஒண்ணும் வெசனப்படாத."

பெற்றவளுக்கே காது குத்துகிறான் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவள் முகம்தான். மயில்சாமிக்கு வயிற்றில் கட்டி என்று கோயமுத்தூரில் சொன்ன அன்றைக்கு இதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரிடம், "ஒண்ணுமில்லீங்க, அல்சர்தானுங்க" என்று சொன்னவள் அவள். எட்டு மாதம் சொன்னாள். ஊரே சேர்ந்து சொன்னது. கடைசிவரை தெரியாமலே போனார், புண்ணியவான் என்று இழவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது: அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அவள் மேல் இரக்கப்பட்டுத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதாள். கால் வலி என்று நினைத்து நர்ஸ் ஒரு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள்.

ராசிபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைதான் அந்த பிசியோ டாக்டரம்மாவின் இடம். பேர் வெண்ணிலா. முப்பது வயதிருக்கும். வெண்ணந்தூர்க்காரி, வீட்டில் தறி ஓடுகிற குடும்பம். சென்னியம்மாளைக் கட்டிலில் உட்காரவைத்து, தான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சேறு காய்ந்த அந்தக் காலை எடுத்து மடியில் வைத்தாள்.

சென்னியம்மாள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "காலைத் தொடாத அம்மிணி. படிச்ச புள்ள. எனக்குப் பாவம் சேரும்."

"இதைத் தொடறதுக்குத்தானுங்கம்மா நாலரை வருசம் படிச்சேன். குடுங்க."

ஒரு கையால் பாதத்தின் முன்பக்கத்தை இரண்டு ஓரமும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். இன்னொரு கையின் பெருவிரலை மூன்றாவது நாலாவது விரலெலும்புக்கு நடுவில் கீழிருந்து அழுத்தினாள். உள்ளே ஏதோ 'கொடுக்' என்று நழுவியது. சென்னியம்மாளுக்கு உச்சந்தலை வரை சுரீர் என்றது.

"இதானுங்க உங்க கல்லு," என்றாள் வெண்ணிலா. "பயப்படற மாதிரி ஒண்ணுமேயில்லீங்கம்மா. ரெண்டு எலும்புக்கு நடுவால நரம்பு நசுங்கி நசுங்கித் தடிச்சுப்போச்சு. எலும்பைத் தளத்தி எடம் பண்ணிக் குடுத்தா அது பாட்டுக்கு மூச்சு உட்டுக்கும். ஒண்ணுமில்லீங்க."

இரண்டு தடவை ஒண்ணுமில்லை. இவளையும் சொல்லி வைத்திருக்கிறான் என்று சென்னியம்மாள் தீர்மானித்துவிட்டாள். நல்ல பிள்ளை, எவ்வளவு வாஞ்சையாகப் பொய் சொல்கிறது. நம்முடைய ஊரில் வியாதி இல்லாதவனுக்கு ஆயிரம் வியாதி சொல்வார்கள். சாகப்போகிறவனுக்குத்தான் ஒன்றுமில்லை என்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள அவள் ஒன்றும் நாலரை வருஷம் படிக்க வேண்டியதில்லை.

வெண்ணிலா ஒரு விரலெலும்பை இடது கையிலும் அடுத்ததை வலது கையிலும் பிடித்து, தீப்பெட்டியின் உள்கூட்டைத் தள்ளி இழுப்பது போல ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் நகர்த்தினாள். முதலில் அசையவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் மண்வெட்டிக்கு முட்டுக் கொடுத்த கால் அது. ஒரு கால்மணி நேரம் விடாமல் அசைத்த பிறகு மெதுவாக இளகியது. பிறகு கெண்டைக்காலைக் கட்டைவிரலால் உழுதாள். விரல்களைக் கோழித் தூவியை விரிப்பது மாதிரி ஒவ்வொன்றாக விரித்துப் பிடித்தாள். கடைசியில் செருப்புக்குள், வலிக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், நெல்லிக்காய் அளவுக்கு மெத்தென்று ஒரு திண்டு ஒட்டினாள்.

"வலிக்கற எடத்துல வெக்கக்கூடாதுங்களா?"

"அங்க வெச்சா இன்னும் நசுங்கும்மா. பின்னால தாங்குனாத்தான் முன்னால விரியும்."

கீழே இறங்கும்போது சென்னியம்மாளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் காலை ஒருவரும் கையில் எடுத்ததில்லை. சாகிற காலத்திலாவது ஒருத்தி எடுத்தாளே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை போனது ஆடிப் பதினெட்டு. காவிரிக்குப் போகிற கூட்டத்தில் ரோடெல்லாம் வண்டி. வெண்ணிலா முக்கால் மணி நேரம் அழுத்திவிட்டு, "நீங்க மெதுவா எறங்குங்கம்மா" என்றாள். மோகன்குமார், "நீ போய் வண்டியில உக்காரும்மா, நான் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று மேலேயே நின்றுவிட்டான். ஒரு வார்த்தைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. சென்னியம்மாள் காரில் உட்கார்ந்து, எத்தனை நாள் என்று கேட்கிறான் போல என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவன் வந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. அப்பன் செத்த அன்றைக்குக் கூட அவன் அப்படி உட்காரவில்லை.

"அம்மா," என்றான். "ஒரு சேதி சொல்லோணும்."

பாவம், இதை எப்படித் தன் வாயால் சொல்வான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வாயைத் தொறக்காத சாமி. எனக்கு எல்லாம் தெரியும். அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே கேட்டுப்போட்டேன். உன்ற வாயால அதைச் சொல்ல வேண்டாம். காட்டை உன்ற பேருக்கே எழுதிக் குடுத்தர்றேன். உங்கப்பன் போனப்ப வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு நான் தாலுக்கா ஆபீசு படியேறி எறங்குனது போதும். நீ அந்தக் கஷ்டம் படக்கூடாது. குச்சி மட்டும் தை மாசம் புடுங்கற வரைக்கும் உட்டு வெய்யி."

மோகன்குமார் அவளைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பின்னால் ஒரு மினி பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அதுக்கென்னம்மா இப்ப அவசரம்," என்றான் கடைசியில். அப்புறம் வண்டியை எடுத்தான். ராசிபுரம் தாண்டியது. தாண்டிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "ஆடி போகட்டும்," என்றான்.

அதற்குப் பின் ஒரு மாதம் சென்னியம்மாள் வாழ்ந்த வாழ்வு இருக்கிறதே, கல்யாணமான புதிதில் கூட அப்படி வாழ்ந்ததில்லை. மாதம் ஒரு தடவை வருகிறவன் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தான். பழம் வந்தது, பாதாம் பவுடர் வந்தது. தனப்பிரியா மாமியார் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக "அத்தை" என்கிற சொல் அவள் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி வந்தது. திருச்செங்கோட்டு மலைக்குப் படி வேண்டாம் என்று காரிலேயே மேலே கொண்டுபோய் அர்த்தநாரீசுவரரைக் காட்டினார்கள். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தெரியாத மாதிரியே இருந்தாள். மயில்சாமி தனக்குச் செய்ததைத் தான் இவர்களுக்குச் செய்வதாக நினைத்தாள். செத்தாலும் பரவாயில்லை, பிள்ளை மனசில் நமக்கும் ஓரிடம் இருந்திருக்கிறது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

ஆடியில் நல்ல காரியம் கூடாது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள். பத்திரம் தயாராக இருந்தது. தான செட்டில்மென்ட் என்றார்கள். மோகன்குமார் அவள் தோளைத் தாங்கிப் படியேற்றினான். மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

"உங்க சொந்த விருப்பத்துலதான் எழுதிக் குடுக்கறீங்களா? யாரும் வற்புறுத்தலையே?"

ஐம்பத்தாறு வருஷத்தில் அவள் விருப்பத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆமாங்க, என்ற இஷ்டத்துலதானுங்க" என்று கணீரென்று சொன்னாள். பெருவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். களைக்கொத்துப் பிடித்துத் தேய்ந்த ரேகை, மூன்று தடவை வைத்த பிறகுதான் விழுந்தது.

அன்றைக்கே மோகன்குமார் அவளை நாமக்கல் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். எருமைகளை மாரக்காள் பார்த்துக்கொள்வாள் என்றான். அவளும் காட்டுப் பக்கம் போக ஆசைப்படவில்லை. கொடுத்ததைப் போய்ப் பார்த்தால் மனசு இழுக்கும். போகிற உயிர் ஒழுங்காகப் போகாது.

உயிர்தான் போகிற வழியைக் காணோம். வாரம் இரண்டு தடவை ராசிபுரம் போவதும் வெண்ணிலா எலும்பைத் தளர்த்துவதும் நடந்துகொண்டே இருந்தது. துண்டைத் தரையில் போட்டு விரலால் சுருட்டிச் சுருட்டி இழுக்கச் சொன்னாள், அதையும் செய்தாள். ஆவணி கடைசியில் ஒரு நாள், வாசலிலிருந்து தெருமுனைக் கடை வரை போய்த் திரும்பிய பிறகுதான், ஒரு தடவை கூடச் செருப்பை உதறவில்லை என்பது ஞாபகம் வந்தது. அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்கள். இதுதான் அது என்று அவள் முடிவுகட்டினாள். மயில்சாமியும் கடைசிப் பத்து நாளைக்கு எழுந்து உட்கார்ந்து கோழிக்குழம்பு கேட்டார். வலி குறையக் குறைய அவளுக்குப் பயம் கூடியது. பெட்டியில் இருந்த கோடிச் சேலையை எடுத்து, இது என்மேல் போர்த்த என்று தனப்பிரியாவிடம் காட்டி வைத்தாள். தனப்பிரியா அவள் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கி உள்ளே வைத்தாள்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெண்ணிலா பாதத்தை இரண்டு ஓரமும் இறுக்கிப் பிடித்து அழுத்தினாள். சத்தமும் இல்லை, சுரீரும் இல்லை. இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் காலைத் தட்டிக்கொடுத்துக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானுங்கம்மா. இனிமே இங்க வர வேண்டாம்."

கோயமுத்தூரிலும் அப்படித்தான் சொன்னார்கள். இனிமே இங்க வர வேண்டாம், ஊட்டுல வெச்சுப் பாத்துக்கங்க. சென்னியம்மாள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிணி. நீ நெம்ப நல்ல புள்ள. இத்தனை நாளு மறைச்சது போதும். எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லிப்போடு."

"எதுக்குங்க எத்தனை நாளு?"

"எனக்குத்தான். கட்டி எங்க வரைக்கும் வந்திருக்குது?"

வெண்ணிலா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "எந்தக் கட்டிங்க? இது கட்டியே இல்லீங்களே. பேருதான் அப்படி. நரம்புக்கு மேல காப்புக் காய்ச்ச மாதிரி தடிப்பு, அவ்வளவுதான். அதுவும் இப்ப அடங்கிப்போச்சு. நீங்க நூறு வயசு வரைக்கும் நடக்கலாம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். சென்னியம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்க பையன் சொல்லலீங்களா?"

"அவனுக்குத் தெரியாது சாமி. அவனும் கட்டின்னுதான் நெனச்சுட்டு இருக்கறான்."

"தெரியுமேங்க. ரெண்டாந்தடவை நீங்க வந்தீங்கல்ல, ஆடிப் பதினெட்டு, அன்னிக்கு மேல நின்னு கேட்டாருங்க. கேன்சருன்னு நெனச்சுட்டேன்னு அழுதே போட்டாரு. நான் காலு படம் போட்டு, நரம்பு வரைஞ்சு, அரைமணி நேரம் சொன்னேன். அந்தப் படத்தை போன்ல போட்டோ கூட எடுத்துக்கிட்டாருங்க. அம்மாகிட்ட நான் சொல்லட்டுங்களான்னு கேட்டேன். நல்ல சேதி, நானே சொல்றேன்னு ஓடுனாருங்க."

ஆடிப் பதினெட்டு. ஆவணி முதல் முகூர்த்தம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று சென்னியம்மாளுக்கு விரல் விட்டு எண்ணத் தெரியும், எண்ணாமல் உட்கார்ந்திருந்தாள். 'அம்மா, ஒரு சேதி சொல்லோணும்.' அவன் சொல்லத்தான் வந்தான். அவள்தான் அவன் வாயைப் பொத்தினாள். பொத்தின கையிலேயே இரண்டரை ஏக்கரையும் வைத்துக்கொண்டு பொத்தினாள்.

விஷயம் என்னவென்று முழுதாகத் தெரியாவிட்டாலும், சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டோம் என்று வெண்ணிலாவுக்குப் புரிந்தது. அவள் குரலை மாற்றிக்கொண்டாள். "மறுபடி வராம பாத்துக்கணுங்கம்மா. சிமிண்டுத் தரையில ரொம்ப நிக்காதீங்க. உங்களுக்குத்தான் சொந்தக் காடு இருக்குதே. உழுத மண்ணுல தெனமும் அரைமணி நேரம் வெறுங்காலோட நடங்க. விரலு நல்லா விரியும். அதைவிட மருந்து எங்கிட்டயே கெடையாது."

சென்னியம்மாள் எழுந்து நின்றாள். வெண்ணிலாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சுவரைத் தொடாமல், நொண்டாமல், படியிறங்கி வந்தாள்.

காரில் ஏறி உட்கார்ந்ததும், "காட்டுக்குப் போ," என்றாள்.

"இப்ப எதுக்கும்மா, வெயில்ல."

"போ."

ராசிபுரம் தாண்டியது. அதே ரோடு. தாண்டிய பிறகு கேட்டாள். "ஆடிப் பதினெட்டன்னிக்கு அந்தப் புள்ள உனக்குப் படம் போட்டுக் காட்டுச்சாமா."

மோகன்குமார் வண்டியை ஓரங்கட்டவும் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. கழுத்து மட்டும் சிவந்தது. ஒரு டேங்கர் லாரியை முந்திக்கொண்ட பிறகு சொன்னான். "சொல்லத்தாம்மா வந்தேன். நீதான் பேச உடலை."

"அன்னிக்கு உடலை. அடுத்த நாளு?"

அவன் கியரை மாற்றினான்.

"அதுக்கு அடுத்த நாளு? அர்த்தநாரி சன்னதியில கையைப் புடிச்சுட்டு நின்னியே, அப்ப?"

"நானாக் கேட்டனாம்மா?" என்றான் அவன். குரல் உயர்ந்துவிட்டது. "எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சுச் சொல்றேன். காட்டைக் குடுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நீயாத்தான் எழுதறேன்னே. எப்படியும் எனக்குத்தானே வரப்போவுது. இருவது வருசம் கழிச்சு வந்தா என்ன, இப்ப வந்தா என்ன?"

அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. திருடன் என்று சொல்லக்கூட வழியில்லாமல் செய்துவிட்டான். அவள் தனக்கு இரண்டு மாதம் என்று நினைத்துக் கோடிச் சேலை எடுத்து வைத்திருந்தபோது, அவன் அவளுக்கு இருபது வருஷம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அந்த இருபதும் அவனுக்குத் தாங்கவில்லை. தலையில் எண்ணெய் வைத்த கைக்கும் தெரியும், சேலையை வாங்கி வைத்த கைக்கும் தெரியும். சாகப்போகிறாள் என்று அவர்கள் பிரியம் வைத்தது முதல் பதினைந்து நாள்தான். அதற்கு மேல் வைத்ததெல்லாம் சாகமாட்டாள் என்று தெரிந்து வைத்த பிரியம்.

"உனக்கு நல்லாயிருச்சில்லம்மா," என்றான் அவன், தணிந்து. "அதுக்குச் சந்தோசப்படேன்."

கார் நின்றது. சென்னியம்மாள் இறங்கினாள். முதலில் இடம் மாறிக் கொண்டுவந்து விட்டானோ என்றுதான் நினைத்தாள். பிறகு மூலையில் இருந்த வேப்பமரத்தின் அடிக்கட்டை தெரிந்தது. குச்சி ஒன்றுகூட இல்லை. தை வரை விட்டு வை என்று அவள் கேட்ட கிழங்கை, உள்ளே மாவு பிடிப்பதற்கு முன்னாலேயே ஜேசிபியால் வாரி வரப்போரம் தள்ளியிருந்தார்கள். பிஞ்சுக்கிழங்கு வெயிலில் கருத்துக் கிடந்தது. பூ மண்ணின் மேல் கிராவல் கொட்டி இறுக்கி, அதன் மேல் ஜல்லி பரப்பி, குறுக்கும் நெடுக்குமாக ரோடு போட்டிருந்தது. மஞ்சள் அடித்த நம்பர் கற்கள் வரிசையாக நின்றன. அவளும் மயில்சாமியும் பதினைந்து வருஷம் குனிந்து பொறுக்கி வெளியே எறிந்த கல்லை விட அதிகமாகவே திரும்பக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

அவள் உள்ளே நடந்தாள். கால் நன்றாகத்தான் நடந்தது. வெண்ணிலா சொன்ன மாதிரி விரல்கள் விரிந்து, குதிகால் பதிந்து, இருபது வயதுக்காரி நடை நடந்தது.

"பாத்து நடம்மா," பின்னாலிருந்து மோகன்குமார் சொன்னான். "ஜல்லி குத்தும்."

பத்தடி போயிருப்பாள். வலது முன்பாதத்தில், பழைய இடத்திலேயே, ஏதோ உறுத்தியது. சென்னியம்மாள் நின்றாள். பக்கத்தில் வேலிக்கால் இல்லை, வேப்பமரம் இல்லை. பதினேழாம் நம்பர் கல்லைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டினாள்.

இந்தத் தடவை கல் விழுந்தது.